செல்லாத சோதனை

இந்த ஆய்வகத்துக்கு மரங்கள் இரண்டு வகை.
ஜன்னலுக்கு வெளியே நிற்பவை பனியைச் சுமக்கின்றன.
உள்ளே நிற்பவை நாங்கள் செய்தவை:
பைன் கட்டைகள், எழுபத்திரண்டு துளைகள்,
ஒவ்வொரு துளையின் வாயிலும்
நகத்தளவு துணித்திரை.

பறவை எண் முப்பத்தொன்று.
எடை பதினொரு கிராம்.
வியாழக்கிழமை சூப்பில் மிதக்கும்
பட்டாணி அளவு மூளை.
டிசம்பரில் ஒரு காலை
ஒன்பது சூரியகாந்தி விதைகளை
ஒன்பது துளைகளில் ஒளித்துவைத்தது.
ஒவ்வொன்றுக்கும் பின்வாங்கி
தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தது,
அடுப்பை அணைத்தோமா என்று
வாசல்வரை போய்த் திரும்பி வருகிறவர்களைப் போல.

பிறகு எழுபது நாள் காத்திருக்கவேண்டும்.

நினைவைத் தாங்கும் புரதங்கள்
பெரும்பாலும் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.
செங்கல் உதிர்கிறது, வேறு செங்கல் ஏறுகிறது,
சுவர் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.
யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் அதை?
இதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பதினாறு வருடமாகக் கேட்கிறேன்.

பறவையை உள்ளே விடும் முன்
விதைகளை எடுத்துவிடுவோம்.
(விருந்துகளில் இதைச் சொன்னால்
யாராவது ஒருவர் கரண்டியைக் கீழே வைப்பார்.)
விதை இருந்தால்
வாசனை கூட்டிவந்ததா நினைவு கூட்டிவந்ததா
என்று சொல்லமுடியாது.
துளை காலியாக இருக்கவேண்டும்.
காலித் துளைக்கு நேராகப் பறந்து வந்து
திரையை விலக்கிக் கொத்தினால்
ஒரு மதிப்பெண்.

அதே டிசம்பரில் நான் வீடு மாறினேன். தனியாக.
புதுக் குளியலறையில் விளக்கு சுவிட்ச் வலப்பக்கம்.
என் கை இடப்பக்கம் போய்
குளிர்ந்த சுவரைத் தடவிவிட்டு வருகிறது.
முதல் வாரம் இருபத்திரண்டு முறை.
ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் குறித்துவைத்தேன்,
எண் தரப்படாத ஏதோ ஒரு விலங்கின் கணக்காக.

எழுபதாம் நாள் ஊலுவில் மைனஸ் இருபத்தாறு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், நிறுத்துக்கடிகாரம்,
கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓஸ்மோ.
காகித ஆலை மூடியபின் இங்கே வந்தவர்.
டன் கணக்கில் தூக்கிப் பழகிய கையால்
பதினொரு கிராமைப் பிடிப்பார்.

முதல் துளை, பதினான்கு வினாடி. காலி.
இரண்டாவது. காலி.
மூன்றாவது காலியானதும்
முதல் துளைக்கே திரும்பி மறுபடி எட்டிப் பார்த்தது.
மறந்துபோய் அல்ல.
நம்ப முடியாமல்.

நாலாவது துளையிலிருந்து தலை வெளியே வந்தபோது
அலகில் விதை.

ஓஸ்மோவைப் பார்த்தேன்.
ஓஸ்மோ தன் காலணிகளைப் பார்த்தார்.
"எடுக்கும்போது ஒன்று தவறியிருக்கும், ஹில்க்கா."
நாலு வருடத்தில் அவர் கையில்
ஒரு விதை தவறியதில்லை.

சோதனை செல்லாது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
செல்லாத பறவையின் மூளையை யாரும் சீவுவதில்லை.
வெள்ளிக்கிழமைப் பட்டியலில்
பிளேடுக்கும் உறைபெட்டிக்கும் நேரே
முப்பத்தொன்று என்றிருந்ததை
ஒரு கோடு போட்டு அடித்தேன்.
அந்த விதியை அவர் அறிவாரா?
நான் கேட்கவில்லை.
காபி இயந்திரத்தின் அருகே
மூன்று நிமிடம் பேசாமல் நின்றோம்.
எங்கள் ஊரில் அது நீண்ட உரையாடல்.

குளியலறையில் இப்போது வாரத்துக்கு இரண்டு முறை.
சில நாள், கை கிளம்பும்போதே தெரிந்துவிடுகிறது;
இருந்தும் போகவிடுகிறேன்.

மார்ச்சில், பிடித்த அதே காட்டில்
அட்டைப்பெட்டியைத் திறந்தார் ஓஸ்மோ.
அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.
அரை ஏக்கர் தள்ளி ஒரு ஸ்ப்ரூஸ் மரம்,
மூன்றாவது கிளை, பாசி தொங்கும் அடிப்பக்கம்.
நேராக அங்கே போய்த்
தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொத்தியது.

போன இலையுதிர்காலத்தில் வைத்த ஏதாவது இருந்திருக்கலாம்.
வேறொன்று தின்றிருக்கலாம்.
கண்ணாடியை ஒட்டி நின்று பழகிய என் கண்ணுக்கு
அவ்வளவு தூரம் எட்டவில்லை.
ஓஸ்மோவுக்குத் தெரிந்திருக்கும்.
பெட்டியை மடித்துக்கொண்டு
காரை நோக்கி நடந்தார்.